பத்துப் பொருத்தமும் பிரைவேட் ஈக்விட்டியும்

சென்ற மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொருளியல் முடித்த தம்பி ஒருவனுக்கு மும்பையிலுள்ள ஒரு பிரைவேட் ஈக்விட்டி நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதற்கு முன் மூன்று சுற்றுகளை அவன் கடந்திருந்தான். கணக்கியல் கேள்விகள் முதல் சுற்று. ஒரு நிறுவனத்தைக் கடன் வாங்கிக் கையகப்படுத்தினால் ஐந்தாண்டு கழித்து என்ன ஈட்டம் கிடைக்கும் என்று எக்செல்லில் கட்டிக்காட்டுவது இரண்டாம் சுற்று. ஒரு நிறுவனத்தை வாங்கலாமா கூடாதா என்று வாதிடுவது மூன்றாம் சுற்று. நான்காவது சுற்றில் அவனோடு பேசிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். வார இறுதியில் என்ன செய்வாய், எந்தப் பள்ளியில் படித்தாய், அப்பா என்ன செய்கிறார், எந்தெந்த நாடுகளுக்குப் போயிருக்கிறாய் என்பவை கேள்விகள். அவனுடைய திறமையில் தங்களுக்கு ஐயமில்லை என்றும், ஆனால் தங்கள் குழுவுக்கு அவன் 'ஃபிட்' ஆக மாட்டான் என்று கருதுவதாகவும் மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள்.

"அக்கா, கணக்குல தப்புன்னா ஒத்துக்குவேன். மறுபடி படிச்சுப் போவேன். எனக்கு எது வரலைன்னு அவங்க சொல்லவே இல்லையே" என்றான்.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அத்துறையில் எவர் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வரிகள் அவை. நிதியியல் என் துறை அன்று. ஆனால் அவனை வாசலில் நிறுத்தியது நிதியியலும் அன்று, ஒரு சொல். சொற்களை ஆராய்வது என் துறை. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இலக்கியமும் சமூகவியலும் படிக்கும் நண்பர்களுக்காக இத்தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களில் கணிசமான பங்கை வாங்கி, நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை வைத்திருந்து, நிர்வாகத்தை மாற்றியோ விரிவாக்கியோ செலவைக் குறைத்தோ மதிப்பை உயர்த்தி, விற்று லாபம் காண்பதே பிரைவேட் ஈக்விட்டி. முதலீடு செய்யும் பணம் பெரும்பகுதி பிறருடையது. ஓய்வூதிய நிதியங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசுகளின் முதலீட்டு நிதியங்கள், பெரும் செல்வக் குடும்பங்கள் ஆகியோர் கொடுக்கிறார்கள். அதை ஆள்வதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு கட்டணமும், ஈட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் லாபத்தில் 20 விழுக்காடு பங்கும் பெறுவது இத்துறையின் பழைய வழக்கம். அந்த வரம்பு பெரும்பாலும் 8 விழுக்காடு.

1999 முதல் 2001 வரை வார்பர்க் பின்கஸ் நிறுவனம் பார்தியின் தொலைத்தொடர்புத் தொழிலில் ஏறத்தாழ 30 கோடி டாலர் முதலிட்டு, 2005-க்குள் அதைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகமாக விற்று எடுத்தது. இந்தியாவில் இத்துறைக்குக் கவர்ச்சியூட்டிய கதை அதுதான். 2016-இல் எம்ஃபசிஸ் பிளாக்ஸ்டோனின் கைக்குப் போனது. 2023-இல் ஹைதராபாதின் கேர் மருத்துவமனைகளும் திருவனந்தபுரத்தின் கிம்ஸ்ஹெல்த்தும் அதே பிளாக்ஸ்டோனின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து ஓடும் மருத்துவமனையில் படுக்கைக்கு எவ்வளவு வருவாய் வர வேண்டும் என்று கணக்கிடுபவர்கள் யார் என்ற கேள்வி நிதித்துறைக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று.

அந்த அறைக்குள் எப்படி நுழைகிறார்கள்? முதலீட்டுக் குழுக்கள் மிகச் சிறியவை. பல நிறுவனங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இடங்கள் குறைவு. பழகிப்போன பாதை ஐஐடியில் பொறியியல், அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐஐஎம் ஒன்றில் மேலாண்மை, பின்பு ஒரு முதலீட்டு வங்கியிலோ ஆலோசனை நிறுவனத்திலோ இரண்டு மூன்று ஆண்டுகள், அதன்பின் ஆள்தேடும் முகவரின் தொலைபேசி அழைப்பு. பல இடங்கள் விளம்பரமாக வெளிவருவதே இல்லை. இடம் காலியாக இருக்கிறது என்ற செய்தியே ஒரு சொத்து. அது முன்னாள் மாணவர் வட்டங்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் இப்போட்டி முற்றிப் போய், வங்கியில் வேலைக்குச் சேரும் முன்பே இளைஞர்கள் இரண்டாண்டு கழித்துச் சேரவிருக்கும் பிரைவேட் ஈக்விட்டி வேலையைப் பேசி முடிக்கும் நிலை வந்தது. 2025-இல் ஜேபி மார்கன் வங்கி, அப்படி முன்கூட்டியே வேறிடத்தில் ஒப்புக்கொள்ளும் புதியவர்களை நீக்கிவிடுவதாக எச்சரித்தது. பெருமுதலீட்டு நிறுவனமான அப்போலோவும் அவ்வாண்டு அந்த முன்கூட்டிய தேர்விலிருந்து விலகிக்கொண்டது. இந்தியாவில் அத்தகைய நாட்காட்டி இல்லை. யாருக்கு யாரைத் தெரியும் என்பதே இங்கே நாட்காட்டி.

இந்த நிலையில்தான் ஆலோசனைக் கடை விரிந்திருக்கிறது. பிரைவேட் ஈக்விட்டிக்குள் 'பிரேக் இன்' செய்வது எப்படி என்று பயிற்சி வகுப்புகளும் காணொளிகளும் பெருகியுள்ளன. 'பிரேக் இன்' என்ற வினையைச் சற்றே கவனியுங்கள். ஆங்கிலத்தில் பூட்டிய வீட்டை உடைத்து நுழையும் திருடனுக்கும் அதே வினைதான். ஆசிரியராவதற்கோ தபால்காரராவதற்கோ எவரும் அச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. கதவு பூட்டியிருக்கிறது என்ற உண்மையை அச்சொல் தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட கையோடு, பூட்டியவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், உடைக்க வேண்டிய பொறுப்பு முழுவதையும் வெளியே நிற்பவனின் தோளில் ஏற்றிவிடுகிறது. நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பு, காபி குடிக்கக் கூப்பிடு, உன் கதையைச் சுவையாகச் சொல்லப் பழகு, கோல்ஃப் பற்றி நான்கு வரி தெரிந்துவைத்துக்கொள். தோற்றவன் உழைப்புப் போதாதவன் ஆகிவிடுகிறான். கடைக்காரர் அடுத்த வகுப்புக்குக் கட்டணம் வாங்குகிறார்.

இனி அந்த மின்னஞ்சலின் மையச் சொல்லுக்கு வருவோம். 'ஃபிட்' என்பதற்குத் தமிழில் 'பொருத்தம்' என்ற சொல் உண்டு. பொருந்துதல் என்ற வினைக்கு மூன்று செய்திகள் வேண்டும்: பொருந்துவது எது, எதற்குப் பொருந்துகிறது, எந்த அளவையால் பொருந்துகிறது. சட்டை தோளில் பொருந்தவில்லை என்றால் தையல்காரர் தோளைப் பிரித்துத் தைப்பார். அந்த மின்னஞ்சலில் முதலிரண்டும் உள்ளன: 'அவன்', 'எங்கள் குழுவுக்கு'. மூன்றாவது இல்லை. அளவை சொல்லப்படாதபோது அந்த வாக்கியத்தை மறுக்க முடியாது, சரிபார்க்க முடியாது, அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் முடியாது. எழுவாயின் இடத்தில் எப்போதும் புதிதாக வருபவனே நிற்கிறான் என்பதையும் பாருங்கள். குழு அவனுக்குப் பொருந்தவில்லை என்று எவரும் எழுதுவதில்லை.

நம் ஊர்க் கல்யாணத் தரகர்கூட இதைவிட நேர்மையானவர். தினம், கணம், மகேந்திரம் என்று பத்துப் பொருத்தம் பார்ப்பார். வேண்டாம் என்றால் எது தட்டுகிறது என்று சொல்வார். ரஜ்ஜு தட்டுகிறது என்று சொன்ன பிறகு, வேறு ஜோசியரிடம் போய் இல்லை என்று எழுதி வாங்கி வரும் வாய்ப்பாவது நமக்கு உண்டு. ஆனால் அந்தப் பத்துப் பொருத்தமும் எப்போது பார்க்கப்படுகின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம். சாதி பார்த்து முடித்த பிறகுதான் ஜாதகக் கட்டையே பிரிக்கிறார்கள். வெளியே சொல்லும் அளவைகள் பத்து; சொல்லாத அளவை ஒன்று; தீர்மானிப்பது அந்த ஒன்று. நேர்முகத் தேர்வின் 'ஃபிட்' அந்தச் சொல்லாத பதினோராவது பொருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற பத்தையும் விட்டுவிட்டது.

இது என் ஊகம் மட்டுமன்று. எங்கள் துறையில் ஃபிரடெரிக் எரிக்சனும் ஜெஃப்ரி ஷுல்ட்ஸும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் படிக்கப்படுகிறது. மாணவர்களுக்கு வழிகாட்டும் கல்லூரி ஆலோசகர்களின் உரையாடல்களைப் படம்பிடித்து, அவர்கள் எங்கே தலையசைக்கிறார்கள், எங்கே தாளம் தப்புகிறது என்று நுணுகிப் பார்த்தார்கள். இருவருக்கும் பொதுவான ஏதோ ஒன்று பேச்சில் வெளிப்பட்டுவிட்டால் ஆலோசகரின் உதவி கூடியது. வெளிப்படாவிட்டால் உரையாடல் இடறியது. இடறலுக்கான பழி மாணவன்மேல் விழுந்தது. லாரன் ரிவெரா 2015-இல் வெளியிட்ட நூல், அமெரிக்காவின் முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் சட்ட நிறுவனங்களும் ஆளெடுக்கும் முறையை உள்ளிருந்து பார்த்தது. விமான நிலையத்தில் இவரோடு மாட்டிக்கொண்டால் பொழுது போகுமா என்று தேர்வாளர்கள் தம்மையே கேட்டுக்கொண்டதை அது பதிவு செய்கிறது. பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் ஆள் எடுப்பது பெரும்பாலும் அந்த வங்கிகளிலிருந்தும் ஆலோசனை நிறுவனங்களிலிருந்தும்தான். முதல் சல்லடையில் தங்கியவர்கள் இரண்டாம் சல்லடையில் மீண்டும் சலிக்கப்படுகிறார்கள். துளையின் வடிவம் ஒன்றே.

நம் நாட்டுக் கதை 2007-லேயே எழுதப்பட்டுவிட்டது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தனியார் நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். தகுதி ஒன்றே எங்கள் அளவை என்று சொன்ன அதே அதிகாரிகள், விண்ணப்பதாரரின் 'குடும்பப் பின்னணி'யைக் கேட்டறிவது இயல்பு என்றும் சொன்னார்கள். அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் சமமான கல்வித் தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கும் இசுலாமியப் பெயருக்கும் வந்த அழைப்புகள் குறைவாக இருந்தன. 2019-இல் அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐஐடியை வைத்து எழுதிய நூல், சாதியால் கிடைத்த அனுகூலம் எப்படித் தகுதி என்ற பெயரில் தன்னை மறைத்துக்கொள்கிறது என்று காட்டியது. அந்த நிறுவனங்களின் பட்டத்தையே முதல் வடிகட்டியாக வைத்திருக்கும் ஒரு துறை, நான்காவது சுற்றில் 'அப்பா என்ன செய்கிறார்' என்று கேட்பதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிறிய குழு, இரவு பகலான வேலை, பிறர் பணம். நிறுவன உரிமையாளரிடம் போய் அமர்ந்து பேசி நம்பிக்கையைப் பெறத் தெரிய வேண்டும். அதை எக்செல்லில் அளக்க முடியாது என்கிறார்கள். உண்மை. அமெரிக்காவைப் போலக் கடன்மேல் கடன் வாங்கி நிறுவனங்களை வளைத்துப் போடுவது இங்கே எளிதாக நடந்ததில்லை. பங்கு வாங்க வங்கிகள் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கடுமையாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஆகவே இங்கே பல முதலீடுகள் குடும்பத் தொழில்களில் சிறுபான்மைப் பங்கு எடுப்பவை; உரிமையாளரின் மனம் அறிவது உண்மையிலேயே பெரிய திறன்.

அப்படியானால் அந்தத் திறனைச் சோதியுங்கள். ராஜ்கோட்டில் பம்பு செய்பவரும், சூரத்தில் துணி ஆலை நடத்துபவரும், கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்பவரும் தம் தொழிலின் கவலையை எந்த மொழியில் பேசுவார்கள்? இந்தத் தம்பியின் வீடு நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, எட்டு விசைத்தறி. வியாபாரி பாவும் ஊடையும் கொடுப்பார். இவர்கள் கூலிக்கு நெய்து கொடுப்பார்கள். கூலி நாற்பத்தைந்து நாளில் வரும் என்பது பேச்சு, தொண்ணூறு நாளில் வருவது வழக்கம். அந்த இடைவெளியை யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கி நிரப்புவது என்பது அவன் பத்து வயதிலிருந்து இரவுச் சாப்பாட்டின்போது கேட்டு வளர்ந்த பேச்சு. நடைமுறை மூலதனம் என்று நிதியியல் பாடநூல் சொல்வது இதைத்தான். 'அப்பா என்ன செய்கிறார்' என்று கேட்டவர்களுக்கு அவன் இதைச் சொன்னான். அடுத்த கேள்வி எந்தெந்த நாடுகளுக்குப் போயிருக்கிறாய் என்பது. உரிமையாளரிடம் பேசத் தெரிந்தவன் எதிரே உட்கார்ந்திருந்தும் அவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் அறிய விரும்பியது, அவன் தங்களிடம் தங்களைப் போலப் பேசுவானா என்பதையே.

இரண்டாவது எதிர்வாதம்: தனியார் பணம், தனியார் நிறுவனம், யாரை வேண்டுமானாலும் எடுப்போம். இந்தப் பணம் எவ்வளவு தனியார்? செபியின் 2012 விதிகளின்கீழ் இத்தகைய நிதியம் ஒன்றில் பணம் போடப் பொதுவாகக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் வேண்டும். அந்த வகையில் இது செல்வந்தர் மன்றம்தான். ஆனால் உள்ளே வரும் வெளிநாட்டுப் பணத்தில் ஆசிரியர்களின், அரசு ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு இருக்கிறது. 2015-இல் தொடங்கிய தேசிய முதலீடு மற்றும் உள்கட்டமைப்பு நிதியத்தில் மத்திய அரசின் பங்கு 49 விழுக்காடு. இத்துறையின் இந்தியப் பிறப்பே பொது நிறுவனங்களின் மடியில் நிகழ்ந்தது. ஐசிஐசிஐயும் யூனிட் டிரஸ்டும் சேர்ந்து 1988-இல் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் ஐசிஐசிஐ வென்ச்சர் ஆயிற்று. அதை நடத்திய ரேணுகா ராம்நாத் 2009-இல் மல்டிபிள்ஸ் என்ற நிதியத்தைத் தொடங்கினார். இன்று இத்துறையின் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். அவர் படித்தது மும்பையில் நெசவுப் பொறியியல். ஐஐடி, ஐஐஎம் என்ற பாதையில் வந்தவர் அல்லர். வளர்ச்சிக்கடன் கொடுக்கும் ஒரு பொது நிறுவனம் ஒருவரை உள்ளே எடுத்துத் தொழில் கற்பித்ததால் இத்துறைக்கு ஒரு முன்னோடி கிடைத்தார். இன்றைய வடிகட்டியில் இருபத்து மூன்று வயது நெசவுப் பொறியாளர் ஒருவரின் விண்ணப்பம் எத்தனை நொடி தங்கும்?

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது என் சக ஆய்வாளர் ஒருவர் சிரித்தார். "சுரண்டலின் உச்சியில் நாற்காலி கிடைக்கவில்லை என்பதற்கா இவ்வளவு புலம்பல்?" என்றார். மருத்துவமனைகளையும் கடன் நிறுவனங்களையும் ஐந்தாண்டு ஈட்டமாக மட்டும் பார்க்கும் மூலதனத்தின்மேல் எனக்கும் மதிப்பில்லை. விசைத்தறிக்காரர் மகன் ஒருவன் உள்ளே போய்விட்டால் அந்த மூலதனத்தின் குணம் மாறிவிடும் என்று நான் நம்பவுமில்லை. ஆனால் மாதம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு மூலதனத்தை வெறுப்பது நமக்கு இயல்கிறது; தறிக்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டியவனுக்கு அந்த வெறுப்பு கட்டுப்படியாகாது. அந்த வேலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, அது கிடைக்கக்கூடியவனுக்கு மட்டுமே உண்டு. நமக்குப் பின்னால் வரும் முதல் தலைமுறை மாணவனிடம், உனக்கு மூடப்பட்ட கதவு எப்படியும் கெட்ட கதவு என்று ஆறுதல் சொல்வது, கதவைப் பூட்டியவருக்கு நாம் செய்யும் இலவச ஊழியம்.

நம் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு மையங்கள் செய்வது இன்னும் மோசம். ஆளுமை மேம்பாடு என்ற பெயரில் கை குலுக்குவதையும் கழுத்துப்பட்டை கட்டுவதையும் உச்சரிப்பையும் கற்பிக்கிறார்கள். பதினோராவது பொருத்தத்துக்கு ஒப்பனை போட்டுவிடும் வேலை அது. உண்மையான பாடத்தை எவரும் கற்பிப்பதில்லை. ஓர் எளிய எடுத்துக்காட்டு: பிரைவேட் ஈக்விட்டி வைத்திருந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரும்போது, பங்கை விற்கும் முதலீட்டாளர் அதைச் சராசரியாக என்ன விலைக்கு வாங்கினார் என்பதை வெளியீட்டு ஆவணத்தில் சொல்லியாக வேண்டும். அந்த ஆவணங்கள் செபியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து ஆவணங்களை எடுத்து, வாங்கிய விலை, வெளியீட்டு விலை, இடைப்பட்ட ஆண்டுகள் ஆகியவற்றை வைத்து ஈட்டத்தைக் கணக்கிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு பருவம் முழுக்க விவாதித்தால் போதும். விலை கொடுத்து வாங்கும் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அது குறைந்ததாக இராது. இத்துறையை எதிர்க்க விரும்பும் மாணவனுக்கும் அதே பாடம்தான் தேவை. பட்டயக் கணக்காளர் தேர்வு, சிஎஃப்ஏவின் மூன்று நிலைகள், தரமதிப்பீட்டு நிறுவனங்கள், பெரிய தணிக்கை நிறுவனங்களில் நிறுவன விற்பனைக்கு முந்தைய கணக்காய்வு செய்யும் பிரிவுகள் என்று பக்கவாட்டு வழிகள் இருக்கின்றன. நீண்ட வழிகள்தாம். ஆனால் அந்தத் தேர்வுகளின் பாடத்திட்டமாவது முன்கூட்டியே அச்சிடப்படுகிறது.

நிறுவனங்களிடம் நான் கேட்பது தருமம் அன்று. அரசுப் பணமோ பொதுமக்களின் ஓய்வூதியப் பணமோ கலந்துள்ள ஒவ்வொரு நிதியமும் தன் காலியிடத்தை வெளிப்படையாக அறிவிக்கட்டும். நேர்முகத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, மதிப்பெண் இட்டு, அதை எழுதிவைக்கட்டும். குடும்பத்தையும் பள்ளியையும் பயணத்தையும் பற்றிய கேள்விகளை விட்டுவிடட்டும். 'ஃபிட்' இல்லை என்று எழுதும் கை, எதில் இல்லை என்றும் எழுதட்டும். வாங்கவிருக்கும் நிறுவனத்தின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேட்கும் தொழில் இது. உரிமையாளர் ஒருவர் தம் நிறுவனம் நன்றாகப் 'பொருந்தும்' என்று மட்டும் சொன்னால் அதில் ஒரு ரூபாய் போடுவார்களா?

அந்தத் தம்பி இப்போது ஒரு தரமதிப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறான். ஜவுளி நிறுவனங்களின் கடன் கோப்புகளைப் பார்க்கிறான். சென்ற வாரம் தொலைபேசியில், கோப்பில் கடன்தாரர்களிடமிருந்து பணம் வரும் நாட்கள் நாற்பத்தைந்து என்று எழுதியிருந்ததைத் தான் நம்பவில்லை என்றும், மேலும் இரண்டு ஆண்டுக் கணக்குகளைக் கேட்டு வாங்கினால் எண்பத்தெட்டு என்று வந்தது என்றும் சொன்னான். நான்காவது சுற்றில் அவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.